கதவைத் தட்டத் தெரியாதவள்

பதினெட்டு வருடம் கதவு திறந்து மூடுவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட என்னைக் கதவு விஷயத்தில்தான் தோற்கடித்தார்கள். உள்ளே நுழையும் முன் தட்டவில்லையாம். இதைக் கேட்ட என் கணவன் க்ளைட் நாற்காலியில் சரிந்து சரிந்து சிரித்தான். சிரிப்பு முடிந்ததும் முதுகு பிடித்துக்கொண்டது. கடவுள் இருக்கிறார்.

நான் வெர்னா டூப்ரே. பைக் ரிவர் சிறை மூடப்படும்வரை அங்கே காவலாளி. ஊரில் பாதிப்பேருக்கு அங்கேதான் வேலை. மூடியபோது எங்களை வரிசையில் நிற்க வைத்து, ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் வடக்கே இன்னொரு சிறை இருக்கிறது, போகிறவர்கள் போகலாம் என்றார்கள். பெரும்பாலானவர்கள் போனார்கள். எனக்கும் மார்ச் முடியும்வரை ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

எனக்குப் போக விருப்பமில்லை. அந்த வேலை எனக்குப் பிடிக்காமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அது சிறையை மூடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் முள்கரண்டிகளை எண்ணி வைப்பேன். ஒன்று குறைந்தால் க்ளைட்டை எழுந்து நிற்கச் சொல்வேன். ஒருநாள் அவன் நிஜமாகவே எழுந்து நின்று கால்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். அவன் அதை விளையாட்டாகச் செய்யவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

ஊரில் மிச்சமிருந்த ஒரே வேலை மேப்பிள் கிரஸ்ட் முதியோர் இல்லத்தில். அவர்களே பயிற்சி கொடுத்து, அவர்களே வேலைக்கும் வைத்துக்கொள்வார்கள். நர்சிங் உதவியாளர் என்று பெயர். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது, துடைப்பது எல்லாம் நாங்கள்தான். ஆனால் மாநிலத் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் வேலை போச்சு. பதினெட்டு வருடம் உள்ளே இருந்தது போதாதென்று நான் மறுபடி சிறைக்குப் போக வேண்டும்.

வகுப்பு நடத்தியது கோரின் லபார்ஜ் என்ற நர்ஸ். குட்டையான உருவம், சத்தம் மட்டும் கோவில் மணி அளவுக்கு. இல்லத்தின் கடைசியில் ஓர் அறையில் ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு குழாய்த்தொட்டி, எங்களைப் போல ஏழெட்டுப் பேர்.

"கண்ணுங்களா, நடுவுல என்ன செய்யறீங்கங்கிறது அப்புறம். முதல்ல கதவைத் தட்டணும். பேரைச் சொல்லணும். என்ன செய்யப்போறோம்னு சொல்லணும். திரையை இழுக்கணும். கடைசியில அழைப்பு மணியை அவங்க கைக்கு எட்டற மாதிரி வச்சுட்டு வரணும். இதுல ஒண்ணு விட்டாலும் நீங்க செஞ்சதெல்லாம் தண்டம். புரிஞ்சுதா?"

புரிந்தது. புரிவதில் எனக்கு என்றைக்கும் கஷ்டம் இருந்ததில்லை.

இரண்டாம் வாரம் இடுப்புப் பட்டை வந்தது. நடக்க முடியாதவர்களின் இடுப்பில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு அவர்களை நடத்திப் போவது. எனக்கு நோயாளியாக நடித்தவள் டெஸ்ஸா, பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவள். நான் பட்டையை எடுத்தேன்.

"எழுந்திரு. சுவரைப் பார்த்துத் திரும்பு. கையைத் தூக்கு. காலை அகட்டி வை."

டெஸ்ஸா எல்லாம் செய்தாள். பட்டையைப் பின்பக்கமாகக் கட்டி, கொக்கியை அவள் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டி, இரண்டு விரல் விட்டு இறுக்கம் பார்த்தேன். வகுப்பே மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது.

"வெர்னா, கண்ணு," என்றாள் கோரின். "அந்தப் பொண்ணு அப்படி என்னடி தப்பு பண்ணா?"

"நான் பண்ணலை மேடம்," என்றாள் டெஸ்ஸா சுவரைப் பார்த்தபடியே.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பூட்டின கையும் அப்படித்தான். முதல் தேர்வில் தட்டாமல் நுழைந்தேன். இரண்டாம் தேர்வில் தட்டினேன். பேர் சொன்னேன், திரை இழுத்தேன், நாடித்துடிப்பு எண்ணினேன், எல்லாம் சுத்தம். கடைசியில் அழைப்பு மணியைப் பார்த்தேன். நீளமான வயர், முனையில் ஒரு பொத்தான். தனி அறையில் படுத்திருக்கும் ஆளின் பக்கத்தில் ஆறடி வயர் கிடக்கிறது. அதை வைத்து அவர் கழுத்தை அவரே இறுக்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் என் கழுத்தை இறுக்கலாம். அப்படி இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். வயரை ஒழுங்காகச் சுருட்டி, கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் அலமாரி மேல் வைத்துவிட்டு, "முடிந்தது" என்று பெருமையாகச் சொன்னேன்.

தேர்வாளர் எழுதிக்கொண்டார். வாசலில் காத்திருந்த கோரின் விவரம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மணியை அலமாரி மேல வச்சியா? அந்தாளு மாரடைப்பு வந்தா முதல்ல ஏணி தேடணுமா?"

"வயர் ஆபத்து."

"உன்னை விட ஆபத்தா?"

அவமானமாக இருந்தது.

இனி ஒன்பதாம் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இருந்தவர் ஆல்டன் ப்ரூயிட். எழுபது வயதுக்கு மேல். சிறையில் என் பகுதியில்தான் இருந்தார். தண்டனை முடிந்தபோது அவருக்குப் போக வீடும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை, கால் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் எந்த இல்லத்தில் கட்டில் காலி என்று பார்த்துக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அவர் என்ன செய்து உள்ளே போனார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை. எனக்கு உண்மை தெரியும். சொல்லப்போவதில்லை. அடுத்தவர் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதும் கோரினின் பாடத்தில் இருக்கிறது.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவர் தலையை மட்டும் ஆட்டினார். "ஆபீஸர். உன்னையும் உள்ளே போட்டுட்டாங்களா?"

"நான் இங்கே வேலை கத்துக்க வந்திருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அவர் யாருக்கும் தொல்லை தரமாட்டார். அதுதான் தொல்லை. எந்தக் கதவு முன்னாலும் போய் நிற்பார். யாராவது திறக்கும்வரை நிற்பார். பூட்டில்லாத கதவு, தள்ளினாலே போதும். தள்ளமாட்டார். மாலை நான்கு மணிக்குக் கட்டிலின் பக்கத்தில் எழுந்து விறைப்பாக நிற்பார். அது சிறையில் தலை எண்ணும் நேரம். இங்கே யாரும் எண்ணுவதில்லை. இருந்தும் வாசலில் யார் நிழல் பட்டாலும், "ப்ரூயிட், ஆல்டன்," என்று சொல்லித் தன் கைதி எண்ணையும் சொல்வார். சமையலறைப் பெண்கள் அதை ஏதோ வயதானவரின் விளையாட்டு என்று நினைத்தார்கள். நான் மட்டும் அதைக் கேட்காத மாதிரி வேகமாக நடந்துவிடுவேன். ஏனென்றால் முணுமுணுக்கிறவர்களைப் பார்த்து, "பேரு? சத்தமா!" என்று அதட்டுகிற குரல் பதினெட்டு வருடம் என்னுடையதாக இருந்தது. எல்லாக் காவலாளியும் அதைத்தான் சொன்னோம். அப்போது அது ஒரு விஷயமே இல்லை.

ஜனவரியில் அவர் குளியலறையில் விழுந்தார். காலை உணவு கொண்டுபோனவர்கள் பார்க்கும்வரை தரையிலேயே கிடந்தார். மணிப் பொத்தான் தலைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"ஏங்க அடிக்கலை?" என்று கோரின் கத்தினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுக்குத்தானே அங்கே மாட்டி வச்சிருக்கு?"

"அடிச்சா யாரு வருவா?"

"நாங்க வருவோம்!"

"ஜெயில்லயும் சுவத்துல ஒரு பொத்தான் இருந்துச்சு," என்றார் ப்ரூயிட். பிறகு என்னைப் பார்த்தார். "இருந்துச்சுல்ல ஆபீஸர்?"

இருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது பழுது. கடைசிவரை பழுது.

மூன்றாம் தேர்வு மார்ச்சில் வந்தது. அன்றைக்குப் பார்த்து விடியற்காலையிலிருந்து பனி கொட்டோ கொட்டு என்று கொட்டியது. தேர்வாளர் மிஸ் ஓடெல் மட்டும் எப்படியோ வந்துவிட்டார். ஒல்லியான பெண்மணி, இருமல் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுபவர். முகத்தில் எதையும் படிக்க முடியாது. நல்ல காவலாளியாகியிருப்பார்.

எனக்கு நோயாளியாகப் படுக்க வேண்டிய பெண்ணின் கார் வழியில் பள்ளத்தில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ஆளில்லாமல் தேர்வு கிடையாது. அடுத்த தேர்வு ஏப்ரலில். வடக்கே எனக்கு வைத்திருந்த இடம் மார்ச்சோடு சரி, மேப்பிள் கிரஸ்ட் கொடுத்திருந்த கெடுவும் மார்ச்சோடு சரி.

"யாராவது பெரியவங்க ஒருத்தர் சம்மதிச்சா போதும்," என்றார் மிஸ் ஓடெல். "படுக்கணும். உங்களுக்கு எதையும் எடுத்துக் குடுக்கக்கூடாது, அவ்வளவுதான்."

கோரின் ஆள் தேடக் கதவைத் திறந்தாள். கதவுக்கு வெளியே ப்ரூயிட் நின்றுகொண்டிருந்தார். காபி அறைக்குப் போகிற வழியில் கதவு மாறி வந்து, யாராவது திறப்பார்கள் என்று எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"ஆல்டன், கொஞ்ச நேரம் கட்டில்ல படுக்கறீங்களா? வெர்னாவுக்குப் பரீட்சை."

அவர் என்னைப் பார்த்தார். தன் கேள்வி தன் காதிலேயே விழுந்ததுபோல் கோரினின் முகம் மாறியது. அவரை ஒரு காலத்தில் பூட்டியவள் நான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"படுக்கறதுதானே?" என்றார் ப்ரூயிட். "அனுபவம் இருக்கு."

போச்சு, என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் என்னைத் தேற விடமாட்டேன்.

என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். கையில் கடிகாரத்தோடு மிஸ் ஓடெல் உள்ளே மூலையில் நின்றார். தொடங்கலாம் என்று குரல் வந்தது. தட்டினேன்.

"நான் வெர்னா டூப்ரே. நர்சிங் உதவியாளர். உள்ளே வரலாமா, மிஸ்டர் ப்ரூயிட்?"

பதில் இல்லை.

இன்னொரு தடவை தட்டினேன். "வரலாமா?"

பதில் இல்லை. கோரின் என் பின்னால் சுவரோடு சுவராக நின்று கையைப் பிசைந்தாள். "தட்டியாச்சுல்ல, போ," என்று உதட்டை மட்டும் அசைத்தாள். உண்மைதான். தட்டினாலே மதிப்பெண் விழுந்துவிடும். பதில் வர வேண்டும் என்று தாளில் எங்கேயும் இல்லை. கைப்பிடியில் என் கை இருந்தது. அந்தக் கைக்கு அங்கே என்ன செய்வதென்று நன்றாகத் தெரியும்.

கையை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கு அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. கோபம் வந்தது என்பது மட்டும் நிஜம். இவ்வளவு தூரம் வந்து, மூன்று தடவை பரீட்சை எழுதி, இப்போதும் அந்த ஆள் கதவை நான் என் இஷ்டத்துக்குத் திறந்தால் பிறகு எதற்கு இந்த வெள்ளைச் சட்டை?

"நேரம் ஓடுது," என்றது மிஸ் ஓடெலின் குரல், மிட்டாயோடு.

"தெரியுது மேடம். மிஸ்டர் ப்ரூயிட், வரலாமா?"

கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து ப்ரூயிட் பேசினார். குரல் தயங்கியது.

"யாரைக் கேக்கறே?"

"உங்களைத்தான்."

"கதவு பூட்டலையே."

"பூட்டலை. நீங்க சொன்னா வரேன். சொல்லாட்டி நிக்கறேன்."

எங்கேயோ பனி அள்ளும் வண்டி சாலையைச் சுரண்டும் சத்தம். கோரின் கண்ணை மூடிக்கொண்டாள். வடக்குச் சிறையின் சீருடையை நான் மனதில் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

"சரி, வா," என்றார்.

போனேன். திரையை இழுத்தேன், கை கழுவினேன். எந்த வேலையைச் செய்து காட்டுவது என்ற குலுக்கலில் எனக்கு வந்தது வீங்கிய காலுக்கு இறுக்கமான நீள் காலுறை மாட்டுவது. காலடியில் குனிந்து, கணுக்காலைக் கையில் ஏந்தினேன். கணுக்காலைச் சுற்றிப் பழைய தழும்பு ஒன்று பளபளத்தது. கோர்ட்டுக்குப் போகும் நாட்களில் மாட்டும் இரும்பு அங்கேதான் உட்காரும். காலுறையைச் சுருக்கம் இல்லாமல் முழங்கால்வரை இழுத்துவிட்டு, மேல் விளிம்பில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன்.

"அதே ரெண்டு விரல்," என்றார் ப்ரூயிட் கூரையைப் பார்த்து.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "இறுக்கமா இருக்கா?"

"இருக்கு."

விளிம்பைத் தளர்த்தி, நூல் பிசகாமல் மறுபடி சரிசெய்தேன். "இப்ப?"

"இப்பவும்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. முழுவதையும் கழற்றினேன். முதலிலிருந்து மாட்டினேன். நெற்றி வியர்வை அவர் கால்மேல் சொட்டிவிடுமோ என்று பயமாக இருந்தது. "இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப சரி," என்றார். "முதல்லயே சரிதான். சொன்னா கழட்டுவியான்னு பார்த்தேன்."

மூலையில் மிட்டாய் கடிபடும் சத்தம் கேட்டது. அதற்கு அர்த்தம் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. உயர்த்தியிருந்த கட்டிலை இறக்கினேன். போர்வையைச் சரிசெய்தேன். கடைசியாக அந்த வயர். என் கை வழக்கம்போல் அதைச் சுருட்டத் தொடங்கிவிட்டது. ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்றில் நிறுத்தினேன். ப்ரூயிட் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றைப் பிரித்து, பொத்தானை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டேன்.

"ஏதாவது வேணும்னா இதை அமுக்குங்க. நான் வருவேன்."

அவர் அங்கேயே, அப்போதே அமுக்கினார். விளக்கு எரியவில்லை, மணி அடிக்கவில்லை. மறுபடி அமுக்கினார்.

"வேலை செய்யலையே."

"இது பரீட்சை அறை. சும்மா பொம்மை மணி."

"அதானே பார்த்தேன்," என்றார், எனக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி.

"முடிந்தது," என்று மிஸ் ஓடெலிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார், கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போனார்.

முடிவு மதியம் வந்தது. கோரின் கணினியைப் பார்த்துவிட்டு நடைகூடம் அதிரக் கத்தினாள். "பாஸ்டி! நேரம் முடிய இருபது வினாடி மிச்சம்! இருபது வினாடி! என் ஆயுசுல பாதி போச்சு உன்னால!" என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் தலை என் நெஞ்சுவரைதான் வந்தது. நான் க்ளைட்டுக்குப் போன் செய்து, வடக்கே போகவில்லை, இனி கரண்டி எண்ணமாட்டேன் என்றேன். சரி, இன்றைக்கு ஒன்று காணவில்லை, அதையும் தேடாதே என்றான்.

சாயங்காலம் நான் நர்ஸ் மேசையில் சான்றிதழ் எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் மடித்த துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த டெஸ்ஸா, "ஐயையோ," என்றாள். அழைப்பு மணிகளுக்கான விளக்குப் பலகையில் ஒன்பதாம் எண் எரிந்துகொண்டிருந்தது. அவர் வந்ததிலிருந்து அந்த விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை. பல்பு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். ஓடினேன். நாற்பத்தாறு வயதில், இந்த உடம்போடு, அப்படி ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. ஒன்பதாம் அறைக் கதவு சாத்தியிருந்தது. கை நேராகக் கைப்பிடிக்குப் போயிற்று.

எடுத்தேன். தட்டினேன். மூச்சு வாங்கியது.

"யாரு?" என்றார் ப்ரூயிட். விழுந்தவர் குரல் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் குரல். சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக நான்கு.

"வெர்னா டூப்ரே," என்றேன் மூச்சிரைப்போடு.

"சத்தமா!"

நடைகூடத்தில் துண்டுகளோடு வந்த டெஸ்ஸா நின்றுவிட்டாள். அடுத்த அறைகளிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. நான் காலைச் சேர்த்து வைத்து நிமிர்ந்து நின்றேன்.

"டூப்ரே, வெர்னா!"

அவர் அவசரப்படவில்லை. நான் நின்றேன்.

"சரி," என்றார் உள்ளேயிருந்து. "வா."